அப்பாவின் வலிப்பு மாத்திரை என் ஓசிடிக்கு உதவுமா?

வாசகர் கேள்வி:

என் வயது 31. நான்கு வருடமாக ஓசிடி என்ற எண்ணச் சுழற்சி நோய் இருக்கிறது. வண்டி ஓட்டிவிட்டு வந்தால், வழியில் யாரையோ இடித்துவிட்டேனோ என்று மனதை அரிக்கும். திரும்பிப் போய்ப் பார்ப்பேன். பார்த்துவிட்டு வரும்போது வண்டி ஒரு பள்ளத்தில் ஏறி இறங்கும், மறுபடியும் அதே சந்தேகம். இருபது நிமிடத்தில் வீடு சேர வேண்டியவள் இரண்டு மணி நேரம் கழித்துச் சேர்ந்த நாட்கள் உண்டு. மனநல மருத்துவர் குளோமிப்ரமின் 75 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார். ஆறு வாரம் பார்த்தேன், பெரிய மாற்றமில்லை. மருத்துவரிடம் போவதை நிறுத்திவிட்டேன், மாத்திரையை மட்டும் விடவில்லை.

காலமான என் அப்பாவுக்கு வலிப்பு நோய் இருந்தது. அவருக்காக மொத்தமாக வாங்கி வைத்திருந்த பீனோபார்பிட்டால் மாத்திரைகள் வீட்டில் மிச்சம் இருந்தன. மூன்று மாதத்துக்கு முன்பு, தாங்க முடியாத ஓர் இரவில் அதில் ஒன்றைப் போட்டேன். பல வருடம் கழித்து அன்றுதான் மனம் அமைதியானது. இப்போது தினமும் போடுகிறேன். முதலில் ஒன்று, பிறகு இரண்டு, இப்போது மூன்று. இன்னும் பத்து நாளுக்குத்தான் மாத்திரை வரும். நடுவில் ஒருநாள் போடாமல் இருந்து பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. அதனால் அடிமையாகவில்லை என்றுதான் நினைக்கிறேன். இந்த வகை மருந்துகளை மனநோய்களுக்குக் கொடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள் என்று படித்தேன். இவ்வளவு நிம்மதி தரும் மருந்தை ஓசிடிக்கு ஏன் தருவதில்லை? நான் செய்வது தவறா? கடைசியாக ஒன்று: நான் இதுவரை யாரையும் இடித்திருக்க மாட்டேன்தானே டாக்டர்?

மனநல மருத்துவரின் பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

ஆராய்ச்சி, வரலாறு எல்லாம் அப்புறம். உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது "இன்னும் பத்து நாளுக்குத்தான் மாத்திரை வரும்" என்ற வரிதான். முதலில் அதைப் பேசிவிடுவோம்.

மூன்று மாதமாகத் தினமும் போட்டுவரும் பீனோபார்பிட்டாலைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. நீங்களாகக் குறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். தீர்ந்துபோனால் வேறு எங்காவது வாங்கிக்கொள்ளலாம் என்ற யோசனையும் வேண்டாம். கையில் மாத்திரை இருக்கும்போதே ஒரு மருத்துவரைப் பாருங்கள். பழைய மனநல மருத்துவர், நரம்பியல் மருத்துவர், குடும்ப மருத்துவர் என்று யார் சீக்கிரம் கிடைத்தாலும் சரி. வாரக்கணக்கில், தேவைப்பட்டால் மாதக்கணக்கில், படிப்படியாக அளவைக் குறைத்துத்தான் இதிலிருந்து வெளியே வர வேண்டும்.

"எனக்குத்தான் வலிப்பு நோயே இல்லையே, நிறுத்தினால் என்ன?" என்று உங்களுக்குத் தோன்றலாம். இந்த மருந்தை நிறுத்தும்போது வலிப்பு வருவதற்கு வலிப்பு நோய் முன்பே இருந்திருக்க வேண்டியதில்லை. மூளையை ஒரு மருந்து தினமும் அமுக்கிக்கொண்டே இருந்தால், மூளை அதற்கு எதிராகத் தன்னை முறுக்கேற்றிக்கொள்கிறது. மருந்து சட்டென்று விலகினால் அந்த முறுக்கு மட்டும் மிஞ்சும். 1950இல் அமெரிக்காவின் லெக்சிங்டனில் ஹாரிஸ் இஸ்பெல் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஐந்து ஆண்களுக்கு மாதக்கணக்கில், பீனோபார்பிட்டாலின் குடும்பமான பார்பிட்யூரேட் மருந்துகளைக் கொடுத்துவிட்டு ஒரே நாளில் நிறுத்திப் பார்த்தார்கள். பெரும்பாலானோருக்கு வலிப்பு வந்தது. சிலருக்கு இல்லாத உருவங்கள் தெரிந்தன, இடமும் நேரமும் புரியாமல் போயின. (இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இப்படி ஓர் ஆய்வை அனுமதிக்காது.) அவர்களுக்குக் கொடுத்த அளவு மிக அதிகம், ஆகவே உங்களுக்கும் அப்படியே நடக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உங்கள் விஷயத்தில் கூடுதலாக ஒன்று இருக்கிறது. நீங்கள் போடும் குளோமிப்ரமினே வலிப்பு வருவதைச் சற்று எளிதாக்கும் மருந்து. பெரியவர்களுக்கு அதன் அளவு ஒரு நாளைக்கு 250 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று வைத்திருப்பதற்கு முக்கியமான காரணம் அதுதான். ஒரு பக்கம் வலிப்பைத் தடுக்கும் மருந்தை விலக்கிவிட்டு, மறுபக்கம் வலிப்பைத் தூண்டக்கூடிய மருந்தை வைத்திருப்பது நல்லதல்ல.

ஒருநாள் போடாமல் இருந்து பார்த்த உங்கள் சோதனைக்கு வருகிறேன். பீனோபார்பிட்டால் உடம்பை விட்டு மிக மெதுவாகப் போகும் மருந்து. இன்று இரத்தத்தில் இருக்கும் அளவு பாதியாகக் குறைவதற்கே பெரியவர்களுக்குச் சராசரியாக மூன்று நாளுக்கு மேல் ஆகும். ஒருநாள் விட்டபோது உங்கள் இரத்தத்தில் பெரும்பகுதி மருந்து அப்படியே இருந்தது. குளத்தில் நீர் இருக்கும்போது மழை பெய்யாத ஒருநாளை யார் கவனிப்பார்கள்? ஒன்று மூன்றானதைத்தான் நான் அடையாளமாக எடுத்துக்கொள்வேன். உங்கள் உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது. அதை "அடிமை" என்று சொல்லி உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம். யார் மூன்று மாதம் போட்டாலும் இதுதான் நடக்கும்.

மருத்துவரைப் பார்க்கும்வரை மது கூடாது. தூக்க மாத்திரை, தூக்கம் வரவைக்கும் இருமல் மருந்து, கடுமையான வலிக்குக் கொடுக்கும் ஓபியாய்டு வகை மாத்திரை எதையும் இதோடு சேர்க்காதீர்கள். எல்லாம் சேர்ந்து மூச்சை அமுக்கிவிடும். கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, காரணமில்லாத படபடப்பு கூடிக்கொண்டே போனால் காத்திருக்க வேண்டாம். வலிப்பு, குழப்பம், எழுப்ப முடியாத தூக்கம் என்று வந்தால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். வீட்டில் ஒருவருக்காவது இந்த விஷயத்தைச் சொல்லி வையுங்கள். வாழ்க்கையே வேண்டாம் என்ற எண்ணம் எப்போதாவது வந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். ஓசிடியோடு மனச்சோர்வும் சேர்ந்தே வருவது மிகச் சாதாரணம். அப்படிப்பட்ட நேரத்தில் இந்த மாத்திரை உங்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கக் கூடாது.

இன்னொன்று, வண்டி. நான்கு வருடமாக நீங்கள் பயந்த விபத்துக்கு, நீங்கள் கடிதத்தில் சொன்னவரை, ஒரு ஆதாரமும் கிடைத்ததில்லை. ஆனால் மூன்று பீனோபார்பிட்டால் மாத்திரை போட்டுக்கொண்டு வண்டி ஓட்டுவது உண்மையிலேயே ஆபத்து. கவனமும் கைவேகமும் குறையும், குறைந்திருப்பது உங்களுக்கே தெரியாது. இதை எழுதும்போது கொஞ்சம் தயங்கினேன், இந்த வாக்கியமே உங்கள் ஓசிடிக்கு இன்னொரு தீனியாகிவிடுமோ என்று. ஆனாலும் சொல்லியாக வேண்டும். மருந்து முழுவதும் குறையும்வரை வண்டியைத் தொடாதீர்கள். மயக்கம் தரும் மருந்தைச் சாப்பிடும் எல்லோருக்கும் சொல்லும் அதே விதிதான் இது, உங்கள் சந்தேகத்துக்கு நான் கொடுக்கும் மதிப்பு அல்ல.

சரி, இப்போது உங்கள் முக்கியமான கேள்வி. நிம்மதி தந்தது பொய் இல்லையே, பிறகு ஏன் இது ஓசிடிக்கு மருந்தாகவில்லை?

அந்த நிம்மதி பொய் இல்லைதான். மூளையில் காபா என்று ஒரு வேதிப்பொருள் இருக்கிறது. நரம்பணுக்களின் வேகத்தைக் குறைக்கும் பிரேக் என்று வைத்துக்கொள்ளுங்கள். காபா வந்து ஒட்டும்போது நரம்பணுவின் சுவரில் ஒரு சிறு கதவு திறந்து குளோரைடு உள்ளே போகும், அணு அடங்கும். டயசிபாம் போன்ற பென்சோடயசிபைன் மருந்துகள் அந்தக் கதவை அடிக்கடி திறக்க வைக்கின்றன. பார்பிட்யூரேட் கதவைத் திறந்தபடியே அதிக நேரம் பிடித்து வைக்கிறது. அளவு கூடினால் காபாவே இல்லாமலும் கதவைத் திறந்துவிடும். பென்சோடயசிபைனுக்குக் காபா வேண்டும், அதனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. பார்பிட்யூரேட்டுக்கு அந்த எல்லை இல்லை. அமைதி, தூக்கம், மயக்கம், மூச்சு நிற்பது எல்லாம் ஒரே பாதையில் அடுத்தடுத்து இருக்கின்றன. நாளாக ஆக அமைதி கிடைக்கத் தேவைப்படும் அளவு கூடிக்கொண்டே போகும். ஆனால் மூச்சை நிறுத்தும் அளவு அதே வேகத்தில் கூடாது. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி சுருங்கிக்கொண்டே வரும். இந்த மருந்துக் குடும்பம் இத்தனை உயிர்களை வாங்கியதன் கணக்கு இவ்வளவுதான்.

நீங்கள் படித்த ஆராய்ச்சிகள் உண்மையில் நடந்தவைதான். 1864இல் அடோல்ஃப் வான் பேயர் பார்பிட்யூரிக் அமிலத்தை உருவாக்கினார். அதற்குத் தூக்கம் வரவைக்கும் குணம் இல்லை. 1903இல் எமில் ஃபிஷரும் யோசஃப் வான் மேரிங்கும் அதிலிருந்து பார்பிட்டாலைக் கொண்டுவந்தார்கள். வெரோனால் என்ற பெயரில் அது உலகம் முழுக்கப் போனது. 1912இல் லூமினால் என்ற பெயரில் பீனோபார்பிட்டால் வந்தது. அதே வருடம் ஆல்ஃபிரெட் ஹாப்ட்மன் என்ற இளம் ஜெர்மானிய மருத்துவர், தூக்கத்துக்காகக் கொடுத்த இந்த மருந்தால் வலிப்பு குறைவதைக் கவனித்து எழுதினார். உங்கள் அப்பா சாப்பிட்ட மாத்திரையின் கதை அங்கே தொடங்குகிறது. வலிப்புக்கு அது நல்ல மருந்து, உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் இன்றும் இருக்கிறது. ஆகவே மருந்தின் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை.

மனநோய்க்கு வேறு மருந்து எதுவும் இல்லாத காலம் அது. கிடைத்த ஒன்றை எல்லாவற்றுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். 1920களின் தொடக்கத்தில் சூரிக்கில் யாக்கோப் க்ளேசி நோயாளிகளை நாட்கணக்கில் பார்பிட்யூரேட் தூக்கத்தில் வைத்தார். அந்தச் சிகிச்சையில் சிலர் இறந்தார்கள். 1930இல் அமெரிக்காவில் வில்லியம் பிளெக்வென் சோடியம் அமைட்டால் என்ற பார்பிட்யூரேட்டை நரம்பில் ஏற்றியபோது, கல்லாகச் சமைந்து கிடந்த கேட்டடோனியா நோயாளிகள் சில மணி நேரம் எழுந்து பேசினார்கள், சாப்பிட்டார்கள். மருந்து இறங்கியதும் பழைய நிலைக்கே போனார்கள். அதன்பின் அதே ஊசியைப் போட்டு அரைமயக்கத்தில் பேச வைத்தால் உள்ளே அமுங்கிக் கிடப்பது வெளியே வந்துவிடும் என்ற நம்பிக்கை பரவியது. "உண்மை ஊசி" என்று பத்திரிகைகள் எழுதின. உண்மையில் அந்த நிலையில் மனிதர்கள் கற்பனையையும் நிஜத்தையும் கலந்துதான் பேசினார்கள். யாரையாவது இடித்திருப்போமோ என்று சந்தேகப்படும் ஒருவருக்கு அப்படி ஓர் ஊசியைப் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நடக்காத விபத்தை நடந்ததாகவே சொல்லிவிடுவார்.

இந்த வழியின் கடைசி அத்தியாயம் ஆஸ்திரேலியாவில் எழுதப்பட்டது. சிட்னியின் செல்ம்ஸ்ஃபோர்ட் தனியார் மருத்துவமனையில் ஹாரி பெய்லி என்ற மனநல மருத்துவர் 1963 முதல் 1979 வரை, பலவகை மனநலப் பிரச்சினைகளோடு வந்தவர்களைப் பார்பிட்யூரேட் கலவையால் ஆழ்ந்த தூக்கத்தில் நாட்கணக்கில் கிடத்தினார். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பின்னாளில் அரசு விசாரணை ஆணையமே அமைக்க வேண்டி வந்தது.

இவ்வளவு நடந்தும், பார்பிட்யூரேட் ஓசிடியைக் குறைக்கிறது என்று, மருந்தே இல்லாத போலி மாத்திரையோடு ஒப்பிட்டு நிரூபித்த தரமான ஆய்வு ஒன்றை யாரும் காட்ட முடியாது. இன்றைய எந்த முக்கியமான சிகிச்சை வழிகாட்டியும் ஓசிடிக்கு இதைப் பரிந்துரைப்பதில்லை. ஆபத்து மட்டும் காரணம் என்றால், ஆபத்தில்லாத ஒரு பார்பிட்யூரேட்டைத் தேடியிருப்பார்கள். சிக்கல் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள 1964இல் நடந்த ஓர் எலி ஆய்வு போதும். ஓசிடிக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது, இருந்தாலும் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு.

டொனால்ட் ஓவர்ட்டன் எலிகளுக்குப் பென்டோபார்பிட்டால் கொடுத்து, டி வடிவப் பாதையில் எந்தப் பக்கம் திரும்பினால் மின்னதிர்ச்சியிலிருந்து தப்பலாம் என்று பழக்கினார். எலிகள் நன்றாகவே கற்றுக்கொண்டன. பிறகு மருந்து இல்லாமல் அதே பாதையில் விட்டார். எதையுமே கற்காத எலிகளைப் போல முழித்தன. மறுபடி மருந்தைக் கொடுத்தார், பாடம் திரும்பி வந்தது. மருந்து இருக்கும்போது கற்றது மருந்து இருக்கும்போதுதான் நினைவுக்கு வந்தது.

இதை உங்கள் இரவுகளோடு பொருத்திப் பாருங்கள். மாத்திரை போட்ட இரவில் திரும்பிப் போய்ப் பார்க்காமல் படுத்தீர்கள், ஒன்றும் ஆகவில்லை. சாதாரணமாக அந்த அனுபவத்திலிருந்து மூளை ஒன்றைக் கற்றிருக்க வேண்டும்: "சந்தேகம் வந்தது, போய்ப் பார்க்கவில்லை, கொஞ்ச நேரம் தவித்தேன், பிறகு தானாக அடங்கியது." உங்கள் மூளை கற்றது வேறு: "சந்தேகம் வந்தது, மாத்திரை போட்டேன், அடங்கியது." நான்கு வருடமாகத் திரும்பிப் போய்ப் பார்ப்பது என்ன வேலை செய்ததோ அதே வேலையைத்தான் இப்போது மாத்திரை செய்கிறது. சாலையைச் சோதிக்கும் சடங்கு போய், மாத்திரைச் சடங்கு வந்திருக்கிறது. பதற்றம் ஓசிடியின் ஒரு பகுதிதான். பதற்றம் வந்தவுடன் எதையாவது செய்து அதை அணைத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம்தான் நோயை வளர்ப்பது. பார்பிட்யூரேட் பதற்றத்தை அணைத்துவிட்டு அந்தக் கட்டாயத்தை அப்படியே விட்டுவைக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், ஓசிடிக்கு உண்மையில் வேலை செய்யும் இரண்டு வழிகளும் அந்த எலி ஆய்வை ஒட்டிய இரண்டு மூன்று வருடத்துக்குள்ளேயே வந்தன. 1966இல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர், அதுவரை எதற்கும் அசையாத இரண்டு நோயாளிகளிடம் அன்றைய வழக்கத்துக்கு நேர் எதிராக நடந்தார். பயத்தை மருந்தால் தணிக்கவில்லை. பயப்படும் விஷயத்தை அவர்களைத் தொட வைத்தார், செய்ய வைத்தார். அதன்பின் சடங்கைச் செய்யவிடாமல் செவிலியர்கள் கூடவே இருந்தார்கள். இருவரும் நன்றாகத் தேறினார்கள். எதிர்கொள்ளல், சடங்குத் தடுப்பு என்று இன்று சொல்லும் சிகிச்சை அதிலிருந்து வளர்ந்தது. இதில் பதற்றம் எதிரி அல்ல. பதற்றம் ஏறி, யாரும் அணைக்காமலே தானாக இறங்குவதை மூளை பார்த்தாக வேண்டும். மயக்கத்தில் இருக்கும் மூளைக்கு அந்தக் காட்சியே கிடைப்பதில்லை.

மற்றது 1967. ஸ்பெயினில் லோபெஸ் இபோரும் அவரோடு பணியாற்றியவரும் மனச்சோர்வு மருந்தான குளோமிப்ரமினை ஓசிடி நோயாளிகளுக்குக் கொடுத்து, பலன் இருப்பதாக எழுதினார்கள். ஆம், நீங்கள் "பெரிய மாற்றமில்லை" என்று எழுதிய அதே மாத்திரை. அது தூக்க மருந்து அல்ல, செரட்டோனின் என்ற வேறொரு வேதிப்பொருளின் வழியாக வேலை செய்வது. 1991இல் வெளியான, 500க்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்ற இரண்டு அமெரிக்க ஆய்வுகளில் குளோமிப்ரமின் பெற்றவர்களின், நோயின் கடுமையைக் காட்டும் ஓசிடி மதிப்பெண் 38 சதவீதமும் 44 சதவீதமும் குறைந்தது. போலி மாத்திரை பெற்றவர்களுக்கு 3 சதவீதமும் 5 சதவீதமும்தான். இந்த 3, 5ஐ நான் மாணவர்களிடம் அடிக்கடி சொல்வேன். மனச்சோர்வில் போலி மாத்திரைக்கே நிறையப் பேர் கொஞ்சம் தேறிவிடுவார்கள். ஓசிடி அவ்வளவு எளிதில் ஏமாறாது.

"பார்பிட்யூரேட் பழசு, சரி. அதைவிடப் பாதுகாப்பான பென்சோடயசிபைன்?" என்ற கேள்வி அடுத்து வரும். அதையும் பார்த்தாகிவிட்டது. அந்த வகையைச் சேர்ந்த குளோனசிபாமைத் தனியாகக் கொடுத்து 2003இல் வெளியான சிறு ஆய்விலும், செர்ட்ராலின் என்ற செரட்டோனின் மருந்தோடு சேர்த்துக் கொடுத்து 2004இல் வெளியான ஆய்விலும் போலி மாத்திரையைவிடப் பலன் தெரியவில்லை. சிகிச்சையின் ஆரம்ப நாட்களில் படபடப்பு அதிகமானால் குறுகிய காலத்துக்குக் கொடுப்பது உண்டு, அவ்வளவுதான். இதை நான் ஆய்வுகளைப் படித்து மட்டும் கற்கவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில், கையைக் கழுவிக் கழுவிப் புண்ணாக்கிக்கொண்ட ஒருவருக்கு அவர் படும் பாட்டைப் பார்க்க முடியாமல் அப்படி ஒரு மருந்தை எழுதிக் கொடுத்தேன். அடுத்த முறை வந்தபோது முகம் தெளிவாக இருந்தது. கையைப் பார்த்தேன், புண் அப்படியே இருந்தது. "இப்ப கழுவும்போது டென்ஷன் இல்ல டாக்டர்" என்றார். கழுவுவது குறையவில்லை, நிதானமாகக் கழுவிக்கொண்டிருந்தார். அந்த மருந்தை நிறுத்த எங்கள் இருவருக்கும் ஏழெட்டு மாதம் ஆனது.

இப்போது உங்கள் குளோமிப்ரமினுக்கு வருவோம். அது உங்களுக்கு உதவவில்லை என்று நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஓசிடிக்கு மருந்தின் அளவும் அதிகம் வேண்டும், காலமும் அதிகம் வேண்டும். மனச்சோர்வுக்குப் போதும் அளவு இதற்குப் பெரும்பாலும் போதாது. சரியான அளவுக்குக் கொண்டுபோய் 10 முதல் 12 வாரம் பார்த்த பிறகுதான் தீர்ப்பு சொல்ல முடியும். 75 மில்லிகிராமில் ஆறு வாரம் என்பது தேர்வுக்குப் பாதிப் பாடத்தைப் படித்துவிட்டு மதிப்பெண் வரவில்லை என்பதைப் போல. இதை மருத்துவர் உங்களுக்கு முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டது எங்கள் தரப்புக் குறை.

அதைவிட முக்கியமானது அதன்பின் நடந்தது. பீனோபார்பிட்டால் கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளை அதிகமாக உருவாக வைக்கும். குளோமிப்ரமின் வகை மருந்துகள் அந்த நொதிகளால் வேகமாகச் சிதைந்து, இரத்தத்தில் அவற்றின் அளவு இறங்கிவிடும். அதாவது உங்களுக்கு நிம்மதி தருவதாக நீங்கள் நம்பும் மாத்திரை, உங்களுக்குப் பலன் தரக்கூடிய மாத்திரையை மூன்று மாதமாக உள்ளேயிருந்து தின்றுகொண்டிருக்கிறது. இதற்கு மறுபக்கமும் உண்டு. பீனோபார்பிட்டாலைக் குறைக்கக் குறைக்க நொதிகள் அடங்கும், குளோமிப்ரமினின் அளவு தானாக ஏறும். நீங்கள் ஒரு மாத்திரைகூடக் கூட்டாமலே ஏறும். அப்போது வாய் வறட்சி, மலச்சிக்கல், எழுந்து நின்றால் தலைசுற்றல், நெஞ்சுப் படபடப்பு வரலாம். இதயத்தின் மின்னோட்டத்தையும் அது மாற்றக்கூடும் என்பதால் மருத்துவர் ஓர் இசிஜி எடுத்துப் பார்க்கச் சொல்வார். இரண்டு மருந்தையும் தெரிந்த ஒருவர் கண்காணிப்பில்தான் இது நடக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். கருத்தடை மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் அதன் பலனையும் இதே நொதிகள் குறைத்துவிடும். பீனோபார்பிட்டால் கருவைப் பாதிக்கக்கூடிய மருந்து. குழந்தைக்குத் திட்டமிருந்தாலும், நாள் தள்ளிப் போயிருந்தாலும் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

மாத்திரை குறையும்போது சந்தேகம் சில நாட்கள் முன்பைவிடக் கடுமையாக வரும். நிறையப் பேர் அங்கேதான் பயந்து திரும்பிவிடுகிறார்கள், "பார், நிறுத்தினால் நோய் கூடுகிறது, அப்படியானால் இதுதான் என் மருந்து" என்று. அது மருந்து விலகுவதால் வரும் படபடப்பு. அது நோயின் வாயால் பேசும், ஆனால் நோய் அல்ல. குறைக்கும் வேகத்தைத் தாமதப்படுத்தினால் தணியும்.

மருந்து ஓரளவு இறங்கியதும் எதிர்கொள்ளல் சிகிச்சையைக் கேட்டுப் பெறுங்கள். வெறும் ஆறுதல் பேச்சையும் ஆலோசனை என்றுதான் சொல்வார்கள், அதனால் "எதிர்கொள்ளல், சடங்குத் தடுப்பு சிகிச்சை தருவீர்களா?" என்று பெயர் சொல்லியே கேளுங்கள். 2005இல் வெளியான ஓர் ஆய்வில், 122 பேரைப் பிரித்து ஒப்பிட்டுப் பார்த்தபோது, சிகிச்சையை முழுதாக முடித்தவர்களில் இந்த முறையால் பலன் பெற்றவர்கள் 86 சதவீதம். குளோமிப்ரமின் மட்டும் எடுத்தவர்களில் 48, இரண்டும் சேர்த்து எடுத்தவர்களில் 79, போலி மாத்திரையில் 10. நடுவில் விட்டுப் போனவர்களையும் சேர்த்தால் இந்த எண்கள் இறங்கும், ஏனென்றால் இது கஷ்டமான சிகிச்சை. உங்களுக்கு முதல் படி வண்டியாக இருக்காது. "இன்று நான் யாரையோ இடித்திருக்கலாம், எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் போவதில்லை" என்று ஒரு தாளில் எழுதி, அதைப் படித்துக்கொண்டு, எழும் பதற்றத்தோடு நாற்காலியில் உட்கார்ந்திருப்பதாக இருக்கலாம். படிக்கும்போதே வயிற்றைப் பிசைகிறதா? அதுதான் சிகிச்சை நடக்கும் இடம். வண்டியில் ஏறி, திரும்பிப் பார்க்காமல் வீடு வந்து சேர்வதெல்லாம் பிறகு, மருந்தின் மயக்கம் முழுதாகப் போன பிறகு. இதுவும் போதாவிட்டால் வேறு செரட்டோனின் மருந்துகள் இருக்கின்றன, துணை மருந்துகள் இருக்கின்றன. கதவுகள் இன்னும் நிறைய உண்டு, நீங்கள் இரண்டாவது கதவைக்கூடத் தட்டவில்லை.

"நான் செய்வது தவறா" என்று கேட்டிருந்தீர்கள். வலியில் இருந்தவர் கைக்குக் கிடைத்ததை எடுத்தீர்கள். நூறு வருடத்துக்கு முன்பு பெரிய பெரிய பேராசிரியர்கள் செய்ததும் அதுதான், அவர்களுக்காவது வேறு மருந்து இல்லாத காரணம் இருந்தது. மருத்துவரிடம் இதைச் சொல்ல வெட்கமாக இருந்தால் இந்தப் பக்கத்தை அப்படியே நீட்டுங்கள்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. மறந்து விடவில்லை, வேண்டுமென்றே விடுகிறேன். "இடித்திருக்க மாட்டீர்கள், கவலைப்படாதீர்கள்" என்று நான் எழுதினால் இன்றிரவு நிம்மதியாகத் தூங்குவீர்கள். நாளை மறுநாள் "டாக்டருக்கு என்ன தெரியும், அவர் பார்த்தாரா?" என்று தொடங்கும், இன்னொரு கடிதம் வரும். வீட்டில் யாரிடமாவது இதே கேள்வியைக் கேட்டு, அவர்களும் சலிக்காமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தால், இந்தப் பத்தியை அவர்களுக்கும் காட்டுங்கள்.

அப்பாவின் மாத்திரை அட்டை, குளோமிப்ரமின் சீட்டு, என்றைக்கு எத்தனை போட்டீர்கள் என்ற குறிப்பு, மூன்றையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே கிளம்புங்கள். வண்டியை வேறு யாராவது ஓட்டட்டும்.